விட்டுப் பிடிக்கணும்

சாய ஆலையில் அவளுக்கு வாய்பிடுங்கி என்று பேர். ஆரம்பத்தில் அதை யாரும் வசவாகச் சொல்லவில்லை. அவள் எதிரில் டீ டம்ளரோடு உட்காருகிறவன், டீ ஆறுவதற்குள் மச்சினன் செய்த துரோகம், மாமியாரின் மூட்டுவலி, மேஸ்திரி மேல் இருக்கும் கடுப்பு எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். எழுந்து போகும்போதுதான் "இதையெல்லாம் எதுக்கு இவகிட்ட சொன்னோம்" என்று தலையில் அடித்துக்கொள்வான். அவள் ஒன்றுமே கேட்டிருக்க மாட்டாள். "அப்படியா?" என்று இரண்டு தடவை சொல்லியிருப்பாள், அவ்வளவுதான். ஆனால் உள்ளே வாங்கியதை வெளியே விடமாட்டாள். அதனால் அந்தப் பேரில் ஒரு செல்லமும் இருந்தது.

ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. அப்படியே ஓய்வு பெற்றுப் போயிருப்பாள். கெட்ட நேரம், வண்ணம் கூட்டுகிற ஆள் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அவனோடு ஆலையின் கருநீலமும் போய்ச் சேர்ந்தது. அதே பொடி, அதே தண்ணீர், அதே சூடு. வந்தது என்னவோ ஊதாவுக்கும் சாம்பலுக்கும் நடுவில் ஒரு நிறம். அனுப்பிய துணியெல்லாம் திரும்பி வந்து கிடங்கில் மலையாகக் குவிந்தது. அப்போதுதான் ஆலையைப் புதிதாக வாங்கியிருந்த முதலாளிகளுக்குச் சுருக்கென்று உறைத்தது, தாங்கள் வாங்கியது கட்டடத்தையும் இயந்திரத்தையும் மட்டும்தான், தொழில் இன்னும் ஆட்களின் மண்டைக்குள்ளேயே இருக்கிறது என்று. உடனே ஒரு திட்டம் போட்டார்கள். 'அனுபவத் தொகுப்பு' என்று பேர். விஷயம் தெரிந்த ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேசவிட்டு, அதை எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி, அவரவர் இயந்திரத்தின் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். இதற்கு யாரைப் போடலாம் என்று கேட்டதும் ஆலை முழுவதும் ஒரே பேரைச் சொல்லிச் சிரித்தது.

அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று நேராகக் கேட்டால் எந்த மனுஷனுக்கும் ஒன்றும் தெரியாது. "தினம் செய்யறதுதானே, அதுல என்னத்தச் சொல்ல?" என்று தலையைச் சொறிவான். அவள் அப்படிக் கேட்கவே மாட்டாள். தப்பாகச் சொல்லுவாள். "சோடாவை முதல்லயே கொட்டிடுவீங்க, அப்புறம்தானே சாயம்?" என்பாள், பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. எதிரில் இருப்பவனுக்குப் பொறுக்காது. "யாரு சொன்னா உனக்கு? முதல்லயே கொட்டினா துணி திட்டுத் திட்டா ஆயிடும்!" என்று ஆரம்பித்துவிட்டால், பிறகு நிறுத்துவதுதான் பாடு. மேஜை மேல் போனில் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

மேனேஜருக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். பேசின மாதிரி எழுதக் கூடாது. "நல்ல தமிழ்ல இருக்கணும் மேடம். படிச்சா ஒரு ஆளு பேசற மாதிரி இருக்கக் கூடாது, கம்பெனி பேசற மாதிரி இருக்கணும்" என்றார். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவள். அந்தப் பெருமை உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டிருந்தது. 'சனியன் பிடிச்ச மோட்டார் மக்கர் பண்ணும், தலையில ஒண்ணு போடணும்' என்பது அவள் கையில் 'மோட்டார் இயங்காவிடில் மேல்மூடியை மெதுவாகத் தட்டவும்' என்று குளித்து முழுகி, தலை வாரிக்கொண்டு வெளியே வரும். எழுதியதைச் சொன்னவருக்கே ஒரு தடவை படித்துக் காட்டிவிடுவாள். அது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். "நானா இவ்வளவு அழகாச் சொன்னேன்?" என்று அவர்கள் கூச்சத்தோடு சிரிப்பார்கள்.

பிறகு சிரிப்பு நின்றுபோனது. உலர்த்தும் பகுதிக்காரர் பேசி முடித்த கொஞ்ச நாளில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அடுத்தது பாய்லர்காரர். அடுத்தது துணியில் பழுது பார்க்கிற அக்கா தங்கை இருவரும், ஒரே நாளில். ஒருத்தர் போனால் தற்செயல் என்று சொல்லலாம். இங்கே அவள் எழுதி முடித்த வரிசையிலேயே ஆட்கள் போனார்கள். தெரிந்ததெல்லாம் தாளில் இருக்கும்போது தெரிந்தவன் எதற்கு? அவளுக்கு இது புரியாமல் இல்லை. புரிந்தும் எழுதினாள். தான் எழுதாவிட்டால் வேறொருத்தி எழுதுவாள் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். எல்லாரும் சொல்லிக்கொள்வது அதுதான், அவள் மேல் கோபப்பட நமக்கும் பெரிய யோக்கியதை ஒன்றும் இல்லை. ஆனால் சாப்பாட்டு அறையில் அவள் டப்பாவைத் திறந்தால் பெஞ்சு காலியானது. கணக்குப் பிரிவுக்காரி ஒருத்தி மட்டும் நகராமல் கூட உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அவள் கணவரும் அதே ஆலைதான், பேக்கிங் பகுதி. அவருக்கு நிதானம் என்று பேர். நடப்பது நிதானம், சாப்பிடுவது நிதானம். பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் ஓடமாட்டார், இதுக்கப்புறம் பஸ்ஸே கிடையாதா என்பார். அவர்களுடைய ஒரே மகள் படிப்பு முடிந்ததும் அம்மாவோடு பெரிய சண்டை போட்டுவிட்டு, வேலை தேடி வேறு ஊருக்குப் போயிருந்தாள். போன் செய்தாலும் அப்பாவிடம்தான் பேச்சு. இவள் தாம்தூம் என்று குதிக்கும்போதெல்லாம் அவர், "விடும்மா. வளர்ந்த பொண்ணை இழுத்துப் பிடிக்கக் கூடாது. விட்டுப் பிடிக்கணும்" என்பார். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. பக்கத்து வீட்டுக்காரன் தகராறு செய்தாலும் விட்டுப் பிடிக்கணும், அவளுக்குத் தலைவலி வந்தாலும் விட்டுப் பிடிக்கணும். "தலைவலியை எப்படிங்க விட்டுப் பிடிக்கிறது?" என்று கத்துவாள். கத்தும்போதே சிரிப்பும் வந்துவிடும்.

கடைசியாக எழுதாமல் மிச்சமிருந்தது அண்டா. நூல் கண்டுகளை உள்ளே அடுக்கி, மூடியைப் பூட்டி, கொதிக்கக் கொதிக்க அழுத்தத்தில் சாயம் ஏற்றுகிற ஆளுயர இரும்புப் பாத்திரம். அதைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் முறைப்பு என்பார்கள். யார் வணக்கம் சொன்னாலும் தன் செருப்பை மிதித்துவிட்டது போல் பார்ப்பார். பெரிய ஞானி என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். பாதி நாள் வேலையில் தூங்குவார், பக்கத்து இயந்திரக்காரனைப் போட்டுக்கொடுப்பார். இருந்தாலும் அண்டா அவர் கைக்குத்தான் அடங்கும்.

அவர் உஷாரான ஆள். "நான் பேசறதும் எனக்கு நானே குழி வெட்டிக்கறதும் ஒண்ணுதான். போம்மா, வேற வேலை இருந்தா பாரு" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். அவளும் விடவில்லை. ஒரு நாள் அண்டா பக்கத்தில் நின்றுகொண்டு, காற்றிடம் சொல்வது போல், "அழுத்தம் காட்டற முள்ளு பூஜ்யத்துக்கு வந்துட்டா மூடியைத் திறந்துட வேண்டியதுதான். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?" என்றாள்.

"திறப்ப, திறப்ப! தோல் உரிஞ்சு தொங்கும்!" முறைப்பு எழுந்தே விட்டார். "அந்த முள்ளை மாத்தச் சொல்லி என் வாய் வலிச்சுப் போச்சு. அது பாதி நேரம் பூஜ்யத்துலயேதான் நிக்கும். இந்த அண்டா இருக்காளே, இவ சரியான கமுக்கம். உள்ள அத்தனையும் வெச்சுக்கிட்டு ஒண்ணுமே இல்லாத மாதிரி நிப்பா. இவகிட்ட விட்டுப் பிடிக்கணும்மா, விட்டுப் பிடிக்கணும். அப்பதான் வழிக்கு வருவா."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் கேட்பது போதாதென்று இங்கேயுமா? சிரித்தால் மனுஷன் வாயை மூடிக்கொள்வாரே என்று குனிந்து, ரெக்கார்டர் ஓடுகிறதா என்று போனைப் பார்த்தாள். அந்த நேரத்தில் முறைப்பின் வலது கை அந்தரத்தில் எதையோ திருகியது. திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஓரக்கண்ணில் பட்டது, மனதில் பதியவில்லை. ரெக்கார்டருக்குக் கண் கிடையாது.

அன்றைக்கே எழுதினாள். 'முள் பூஜ்யத்தைக் காட்டினாலும் உடனே மூடியைத் திறக்கக் கூடாது. ஆவி வெளியேறும் குழாயைத் திறந்துவிட்டு, அவசரப்படாமல் பொறுமையாகக் காத்திருந்து, பிறகு மூடியைத் திறக்கவும்.' நல்ல தமிழ். ஒற்றுப்பிழை கூட இல்லை.

படித்துக் காட்டத்தான் நினைத்திருந்தாள். மறுநாள் போனால் முறைப்பு இல்லை. வாயைத் திறந்துவிட்டார் என்று தெரிந்ததுமே, அவரைக் கேட்டில் நிறுத்தி அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீடு எங்கே என்று அவளுக்குத் தெரியும், மார்க்கெட்டுக்குப் பின்னால்தான். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? உங்கள் வேலைக்கு உலை வைத்தவள் வந்திருக்கிறேன், நான் எழுதியது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றா கேட்பது? நாளைக்குப் போகலாம் என்று தள்ளினாள். மறுநாளும் நாளைக்கு என்றாள். அதற்குள் தாள் அண்டாவின் பக்கத்துச் சுவரில் ஏறிவிட்டது.

பேக்கிங் பகுதிக்கு இயந்திரம் வந்தபோது அங்கே இருந்த பலரை அனுப்பிவிட்டு, நிதானத்தை மட்டும் அண்டாவுக்கு மாற்றினார்கள். வேலை தங்கியதே என்று அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எனக்கென்ன பயம்? பொண்டாட்டி கைப்பட எழுதி ஒட்டியிருக்கா. வீட்லயும் நீ சொல்றதுதான் நடக்குது, இனி அங்கயும் அதேதான்" என்று கேலி செய்தார். சில மாதங்கள் ஒரு குறையும் இல்லை. குழாய் சுத்தமாக இருந்தவரை அவள் எழுதிய வரியும் சரியாகவே இருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் நூல்பிசிறு போய் அந்தக் குழாயை அடைத்துக்கொண்டது. குழாயில் ஆவி வரவில்லை, முள்ளும் பூஜ்யத்தில் நின்றது. பார்க்கிற யாருக்கும் உள்ளே ஒன்றுமில்லை என்றுதான் தோன்றும். அப்படியும் நிதானம் மூடியைத் தொடவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்துகொண்டார். இதைப் பிற்பாடு பக்கத்து இயந்திரக்காரன்தான் அழுதுகொண்டே சொன்னான். "என்னண்ணே, இன்னும் திறக்கலையா?" என்று அவன் கேட்டிருக்கிறான். "இரு தம்பி. அவசரப்படக் கூடாதுன்னு வீட்டம்மா ஆர்டர்" என்று சிரித்திருக்கிறார். போய் டீ வாங்கி வந்து, அதை முழுசாகக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் எழுந்து போய் மூடியின் பூட்டைத் தளர்த்தியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில், ஆவியில் வெந்துபோன உடம்பில் அவரைத் தொடுவதற்கு இடமில்லை. கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணைத் திறந்து அவளைத் தேடினார்.

"நான் அவசரப்படலம்மா" என்றார். "நீ எழுதின மாதிரியே உக்காந்துதான் இருந்தேன்."

குற்றம் சொல்லவில்லை. சொன்னபடி நடந்துகொண்டேன், திட்டாதே என்கிற குரல் அது. மறுநாள் போய்விட்டார்.

துக்கம் விசாரிக்க முறைப்பு வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "விட்டுப் பிடிக்கணும்னு அவர்கிட்ட நீ சொல்லலையாம்மா?" என்று கேட்டார்.

"எழுதியிருந்தேன் அண்ணே. பொறுமையா இருக்கணும்னு எழுதியிருந்தேன்."

"பொறுமையா?" அன்றைக்கு அவர் முறைக்கவில்லை. "பொறுமைக்கு அங்க என்னம்மா வேலை? குழாயை விடணும். படக்குனு பிடிக்கணும். மறுபடி விடணும். அந்த உதறல்லதான் அடைச்சிருக்கற பஞ்சு தெறிச்சு வெளிய வரும். ஆவி சீறிக்கிட்டு வந்து அடங்கினப்புறம்தான் மூடியைத் தொடணும்." அவர் கை திருகியது. திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. "விட்டு, பிடிக்கறது. அதைத்தானே சொன்னேன்?"

இந்தத் தடவை அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் இரும்புக் குழாயைப் பற்றிச் சொன்ன சொல்லை, அவள் தன் புருஷன் வாயில் கேட்டுப் பழகிய அர்த்தத்தில் வாங்கிக்கொண்டு எழுதியிருக்கிறாள். புருஷனின் பேச்சே அவருக்கு எமனாகப் போயிருக்கிறது, நடுவில் நின்று எழுதிக் கொடுத்தவள் இவள்.

அடுத்த வாரம் மேனேஜர் விசாரணை அறிக்கையை வீட்டுக்கே எடுத்து வந்தார். 'எழுதப்பட்ட வழிமுறையை மீறிப் பணியாளர் அவசரப்பட்டதே விபத்துக்குக் காரணம்.' அதன் கீழே, அனுபவத் தொகுப்பின் சார்பில் அவள் கையெழுத்து வேண்டுமாம். "உங்களுக்கும் நல்லது மேடம். தாள் சரிதான்னு ஆயிடும், உங்க வேலைக்கும் ஒண்ணும் வராது" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஊரிலிருந்து வந்திருந்த மகள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கப்பாவா அவசரப்பட்டாரு? பஸ்ஸுக்கே ஓடாத மனுஷன்! எவன் எழுதினான் இதை?" என்று அவள் கத்தின கத்தலில் மேனேஜர் காகிதத்தை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கையெழுத்துப் போட்டால் இவள் தப்பித்துக்கொள்வாள். அவசரக்காரன் என்ற பழி செத்துப்போனவர் தலையில் விழும். போடாவிட்டால் யார் செய்த தப்பு என்று எல்லாருக்கும் சொல்லியாக வேண்டும், முதலில் மகளுக்கு. அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை.

மகள் குழாயை மூடினாள். "ஒரு தடவை அந்த ஆளு வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கலாம்ல?"

"போயிருக்கலாம்."

"மார்க்கெட் வரைக்கும்தானேம்மா."

"ஆமா."

மறுநாள் காலையில் மகள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதற்குப் பிறகு போன் இல்லை. விட்டுப் பிடிக்கலாம் என்று சொல்ல இப்போது வீட்டில் ஆளும் இல்லை.

விசாரணை அறையில் அவள் எழுந்து நின்று சொன்னாள். "அவர் அவசரப்படலை. எழுதியிருந்ததை அப்படியே செஞ்சாரு. எழுதினதுதான் தப்பு, எழுதினது நான். முள்ளு பழுதுன்னு பல தடவை சொல்லியும் நீங்க மாத்தலை." மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் முகம் ஒரு கணம் இறுகி, உடனே தெளிந்தது. அவர்களுக்குப் பழி போட ஒரு ஆள் வேண்டும், அது எந்த ஆளாக இருந்தால் என்ன? புதிய அறிக்கையில் 'தொகுப்பாளரின் கவனக்குறைவு' என்று இருந்தது. முள்ளைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவசரம் என்ற சொல்லும் இல்லை. அவள் போராடியது அதற்காகத்தான், அது கிடைத்தது. வேலை போனது.

கடைசி நாள் நேராக அண்டாவுக்குத்தான் போனாள். இப்போது அங்கே நிற்கிறவனின் மணிக்கட்டைப் பிடித்து, குழாயின் திருகில் வைத்து, விட்டுப் பிடிக்கச் சொன்னாள். அவனுக்குக் கூச்சமாகவும் பயமாகவும் இருந்திருக்கும், ஆனாலும் செய்தான். கை தானாகத் திரும்பும் வரை அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

ஆபீசுக்கு வந்து பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கணக்குப் பிரிவுக்காரி தயங்கித் தயங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள். கையில் போன்.

"தப்பா எடுத்துக்காதக்கா. நீ போறதுக்குள்ள உன்கிட்டயும் எடுத்துடச் சொல்லியிருக்காங்க. ஆளுங்களை எப்படிப் பேச வைக்கறதுன்னு. இனிமே அந்த வேலை எனக்காம்."

வாய்பிடுங்கியின் வாயையே பிடுங்க ஆள் வந்தாயிற்று. வேறு நாளாக இருந்தால் சிரித்து உருண்டிருப்பாள். சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் மனது முரண்டு பிடித்தது. பிறகு அண்டா பக்கத்தில் நிற்கிறவன் ஞாபகம் வந்தது.

"நீ தப்பாச் சொல்லணும். அவங்க திருத்துவாங்க. அப்புறம் எழுதினதைக் கண்டிப்பா படிச்சுக் காட்டணும். எவ்வளவு வெக்கமா இருந்தாலும் சரி, வீடு தேடிப் போயாவது படிச்சுக் காட்டணும். எல்லாத்தையும் விட முக்கியம், பேசறவங்க கையைப் பாத்துக்கணும். வாயை விட்டுடு. கையைப் பாத்துக்கோ."

கணக்குப் பிரிவுக்காரி தலையை ஆட்டிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்டினாள். நல்ல பெண், வேகமாகத் தட்டினாள். "அவ்வளவுதானேக்கா? வாசல்ல செக்யூரிட்டி உனக்காக நிக்கறான். முடிச்சதும் வெளிய கூட்டிட்டுப் போகணுமாம்."

இவள் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எழுதினதைப் படி."

"எல்லாம் நல்ல தமிழ்லதான்க்கா போட்டிருக்கேன்."

"படி."

கணக்குப் பிரிவுக்காரி திரையைப் பார்த்துப் படித்தாள். "உரையாடலின்போது பணியாளர்கள் தங்கள் கைகளைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்."

வாய்பிடுங்கி பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"அழி. முதல்லேர்ந்து சொல்றேன்."

"அக்கா, செக்யூரிட்டி..."

"நிக்கட்டும்" என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."